என் சலாமில் என்ன தவறு?

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஒட்டுக்கேட்டேன். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம், நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி ஸுவைனாவின் லாரி ஷெட்டில் ஒரு வயதானவர் கத்தினார்:

"என் சலாமுல என்ன தப்பு? அதை மட்டும் சொல்லு எனக்கு!"

மஸ்கட்டைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கும் இந்த பஹ்லாவுக்கு நான் பள்ளி ஆசிரியையாக வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்த ஊரில் கல்யாணத் தகராறு கேட்டிருக்கிறேன், ஆட்டுத் தகராறு கேட்டிருக்கிறேன், பேரீச்ச மரம் யாருடையது என்று இரண்டு தலைமுறை பேசாமல் இருப்பதையும் பார்த்திருக்கிறேன். சலாமில் தகராறு கேட்டதில்லை. ஈரத் துணியை வாளியிலேயே போட்டுவிட்டுக் கைப்பிடிச் சுவரோரம் போய் நின்றேன். நாகரிகமில்லாத காரியம்தான். நாகரிகம் பார்த்திருந்தால் நீங்கள் இப்போது வேறு எதையாவது படித்துக்கொண்டிருப்பீர்கள்.

2

எப்படி ஆரம்பிப்பது என்று மூன்று முறை முயன்றேன். மூன்றையும் இங்கேயே போட்டு வைக்கிறேன், வீணாக்குவானேன்.

(அ) "ஸுவைனா பிந்த் ஹமூத் ஓர் ஐந்து இலக்க எண்ணுக்காகக் காத்திருந்தாள்." இது அரசாங்க அறிக்கை. தூக்கம் வருகிறது.

(ஆ) "அந்தக் கோடையில் மலை தன் தாகத்தை—" நிறுத்து. மலைக்குத் தாகம் எடுக்காது. ஆட்டுக்கு எடுக்கும்.

(இ) "வயதான மர்ஹூன் தன் கைப்பேசியைப் பார்த்துக் கண்ணீர் வடித்தார்." சுத்தப் பொய். சலாமுக்காகக் கத்திய அந்த மர்ஹூன் அழுகிற ஆள் இல்லை. இதைப் படித்தால் கைத்தடியை எடுத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்துவிடுவார். அதற்கும் முன்னால் அரை மணி நேரம் நலம் விசாரித்துவிட்டுத்தான் அடிப்பார்.

மூன்றும் சரிவரவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

3

ஸுவைனாவுக்கு இரண்டு தண்ணீர் லாரிகள். "பொம்பளைக்கு எதுக்கு லாரி" என்று அண்ணன்மார் சொன்ன அதே வாரம் வாங்கியவள். ஒன்றை அவளே மலைமேல் ஓட்டுவாள் என்று எழுத எனக்கு ஆசை. (எழுதினேன். வாசித்தும் காட்டினேன். "ஏன் டீச்சர், எனக்கு முதுகு போகணுமா?" என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன். இரண்டுக்கும் டிரைவர்கள் உண்டு.)

லாரிகள் போவது மேலே ஹைலுக்கும் அதைச் சுற்றிய சின்ன ஊர்களுக்கும். கோடையில் அங்கே வாய்க்கால் நூலாகிவிடும். லாரி வந்தால்தான் தொட்டி நிறையும், லாரி வராவிட்டால் ஆடும் பிள்ளையும் ஒரே குடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று கேட்காமல் அந்தச் செங்குத்துப் பாதையில் ஏறினால் பாதித் தண்ணீரோடு திரும்ப வேண்டியதுதான். போன் போட்டுக் கேட்கலாமே என்பீர்கள். மலை மடிப்பில் பேச்சு அறுந்து அறுந்து விழும், இணையம் எட்டியே பார்க்காது. எஸ்.எம்.எஸ். மட்டும் எப்படியோ தவழ்ந்து போய்ச் சேர்ந்துவிடும்.

அதனால் ஸுவைனா தன் சொந்தக் கைப்பேசியிலிருந்தே ஊர் முழுக்கச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒரே எண்ணிலிருந்து இத்தனை பேருக்கா, இது ஏதோ மோசடி என்று தொலைபேசி நிறுவனம் அவள் எண்ணை முடக்கிவிட்டது. வியாபாரத்துக்கு அனுப்புவதென்றால் ஷார்ட் கோடு வாங்கு என்றார்கள். பரிசு விழுந்திருக்கிறது என்றும் வங்கியில் பணம் குறைந்தது என்றும் உங்களுக்குச் செய்தி வருமே, அந்த மாதிரிச் சுருக்க எண்.

அதை நாமே நேராகப் போய் வாங்க முடியாது. நடுவில் ஒரு நிறுவனம் இருக்கும். மஸ்கட்டிலிருந்த அந்த நிறுவனத்தின் சார்பில் வந்தவன் ஹைதம். அவன் கேட்ட கேள்விகளைப் பார்த்தால் பெண் பார்க்க வந்தவன் மாதிரி இருந்தது. எதற்காக எண்? என்ன செய்தி போகும்? அச்சு அசலாக வாசகம் எங்கே? செய்தி வாங்குகிறவர்கள் சம்மதித்தார்களா? வேண்டாம் என்றால் எப்படி நிறுத்துவார்கள்? தப்பாகப் பதில் போட்டால் என்ன சொல்வீர்கள்?

"தனி எண் வேணுமா, பங்கு எண் வேணுமா, அக்கா? பங்குன்னா சீக்கிரம் கிடைக்கும். ஒரு ஜிம், ஒரு செருப்புக்கடை, நீங்க. மூணு பேருக்கும் ஒரே நம்பர்."

"செருப்புக்கடைக்காரன் ஊரைத் தொந்தரவு பண்ணினா?"

"நம்பரை நிறுத்துவாங்க. உங்களுதும் சேர்ந்து நிக்கும்."

"அவன் செருப்புக்கு என் தண்ணி நிக்கணுமா? தனியாவே போடு."

தனி எண்ணுக்கு அரசு அலுவலகம் ஒப்புதல் தர வேண்டும். பிறகு ஒவ்வொரு தொலைபேசி நிறுவனமும் தனித்தனியாகத் தன் கதவைத் திறக்க வேண்டும். ஒன்று திறந்தால் இன்னொன்று யோசிக்கும். ஒருவழியாக எண் வந்தது, சோதனைக் காலம் என்ற நிபந்தனையோடு. (அந்த எண்ணை இங்கே எழுத மாட்டேன். உங்களைப் பற்றி எனக்குத் தெரியும். அனுப்பிப் பார்ப்பீர்கள்.)

ஒப்புதல் பெற்ற வாசகம் இது: "அஸ்ஸலாமு அலைக்கும். நாளை உங்கள் ஊருக்குத் தண்ணீர் லாரி வருகிறது. வேண்டுமென்றால் 1, வேண்டாமென்றால் 2 அனுப்பவும்."

இதில் சலாமைச் சேர்ப்பதற்கே ஒரு சண்டை நடந்தது. இடத்தைத் தின்னும், எடுத்துவிடலாம் என்றான் ஹைதம். "ஒருத்தர் வாசல்ல போய் நின்னுக்கிட்டு, சலாம்கூடச் சொல்லாம, தண்ணி வேணுமா வேணாமான்னு கேப்பியா நீ? உங்கம்மா உன்னை அப்படியா வளர்த்தாங்க?" என்றாள் ஸுவைனா. அம்மா வரைக்கும் போன பிறகு ஹைதம் என்ன செய்வான்? சேர்த்துவிட்டான்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது.

4

இந்த ஊரில் சலாமுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது பாவம். பதில் சொன்னதோடும் முடியாது. உடம்பு எப்படி, வீட்டில் எப்படி, பிள்ளைகள் எப்படி என்று கேட்க வேண்டும். அப்புறம்தான் முக்கியமான கேள்வி வரும்: ஏதாவது செய்தி உண்டா? அதற்கு, ஒரு செய்தியும் இல்லை, எல்லாம் நல்லபடி, உங்கள் பக்கம் என்ன செய்தி என்று சொல்ல வேண்டும்.* அவர்களும் ஒன்றும் இல்லை என்பார்கள். இத்தனையும் முடிந்த பிறகே வந்த காரியம்.

(* வீட்டுக் கூரை விழுந்திருந்தாலும் முதல் பதில் "ஒரு செய்தியும் இல்லை"தான். கூரை விஷயம் அதற்குப் பிறகு, மெதுவாக வரும். நானே இப்போது அப்படித்தான் பேசுகிறேன். சென்னையிலிருந்து தங்கை போன் செய்தால், "விஷயத்தைச் சொல்லுடி" என்று எரிந்து விழுகிறாள்.)

மெஷினுக்கு இது தெரியாது. 1 வரும், 2 வரும் என்று வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. வந்ததெல்லாம் சலாம். ஒவ்வொரு சலாமுக்கும் அது அச்சுப் பிசகாமல் பதில் அனுப்பியது: "தவறான பதில்."

இப்போது நான் ஒட்டுக்கேட்ட இடத்துக்கு வந்துவிட்டோம். கத்தியவர் ஹைல் ஊர் மர்ஹூன். யாருடைய பிக்கப்பிலோ தொற்றிக்கொண்டு மலையிறங்கி வந்திருந்தார். கஹ்வா காபி குடித்து, பேரீச்சம்பழம் தின்று, ஒரு செய்தியும் இல்லை என்று முறைப்படி சொல்லி முடித்த பிறகுதான் கத்தியிருக்கிறார். அந்த முறையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

"வ அலைக்கும் ஸலாம்னு அனுப்பினேன், மகளே. தவறுன்னு வந்துச்சு. சரி, சுருக்கமாச் சொல்லிட்டோம் போலன்னு, வ ரஹ்மதுல்லாஹியும் சேர்த்து அனுப்பினேன். அதுவும் தவறு. வீட்ல எல்லாரும் சௌக்கியமான்னு கேட்டேன். தவறு. ஏதாவது செய்தி உண்டான்னு கேட்டேன். தவறாம்! இந்த வயசு வரைக்கும் சலாம் சொல்லிட்டு வர்றேன், ஒருத்தன் என்னைத் தப்புன்னு சொன்னதில்ல."

"சித்தப்பா, அது நான் சொல்லல. மெஷின்."

"உன் நம்பர்தானே?"

"என் நம்பர்தான்."

"அப்போ உன் வாய்தான்."

"தண்ணி வேணும்னா ஒண்ணு போடச் சொல்லியிருந்தேனே, சித்தப்பா."

"போடுவேன். நீ எனக்குப் பதில் சொல்லி முடிச்சப்புறம் போடுவேன். எடுத்த எடுப்புலயே தண்ணி தண்ணின்னு கத்த நான் என்ன ஆடா?"

"லாரி உங்க வீட்டுக்கு வரலியா?"

"வந்துச்சு. வாசலைத் தாண்டிப் போச்சு. ஆடுங்க எல்லாம் பாத்துச்சு, நானும் பாத்தேன். உன் டிரைவர் கையை ஆட்டிட்டுப் போறான், ரொம்ப மரியாதையா."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஸுவைனாவுக்கு வரவில்லை. மேலிருந்து அவள் முகத்தைப் பார்த்தேன். என் சிரிப்பும் நின்றுபோனது. அன்றைக்கே ஒரு லாரியை ஹைலுக்குத் திருப்பிவிட்டாள். மர்ஹூனையும் அதில் முன்னால் ஏற்றினாள். ஏறும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இனிமே இந்த நம்பர்லேர்ந்து யார் சலாமுக்கும் தவறுன்னு ஒரு வார்த்தை வராது, சித்தப்பா. நான் இருக்கிற வரைக்கும் வராது."

(இங்கே வயதான ஆண்கள் எல்லோரும் சித்தப்பாதான். சொந்தமா என்று யாரும் ஆராய்வதில்லை.)

5

ஹைதம் விஷயத்தில் எனக்கு ஒரு பிரச்சினை. கதைக்கு ஒரு வில்லன் இருந்தால் வசதி. முதல் பிரதியில் அவனுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டினேன், அத்தர் தெளித்தேன், கிராமத்தாரைப் பார்த்து உதட்டைச் சுழிக்க வைத்தேன். பிறகு அவன் உண்மையிலேயே வந்தான். மர்ஹூன் விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டு, "எங்க தாத்தாவுக்கு இப்படிப் போயிருந்தா என்னை வீட்ல சேர்க்க மாட்டாரு" என்றான். இப்படி ஒருவனை வைத்துக்கொண்டு எப்படி வில்லத்தனம் செய்வது?

அவனும் முயன்றான். 1 முதலில் வராவிட்டால் என்ன, செய்தியில் எங்கே இருந்தாலும் தேடு என்று மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்தான். மறுநாள் "1 ஆடு குட்டி போட்டிருக்கிறது, தண்ணீர் நிறைய இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்" என்று எழுதிய வீட்டு வாசலில் லாரி போய் நின்றது. பாதிப் பேர் 1 என்று எழுதவே இல்லை. "வாருங்கள், வீடு உங்கள் வீடு" என்று எழுதினார்கள். அதை எந்த மெஷின் எண்ணாக மாற்றும்?

வாசகத்தை மாற்றலாமா? மாற்றலாம், மறுபடியும் ஒப்புதல், மறுபடியும் ஒவ்வொரு கதவாகத் தட்டல். கோடை முடிந்துவிடும்.

"அப்போ அந்தத் தவறுங்கிறதை மட்டும் நிறுத்து. வர்றதை நான் உக்காந்து படிக்கிறேன்" என்றாள் ஸுவைனா.

"எல்லாத்தையுமா அக்கா?"

"ஏன், எனக்குக் கண்ணு இல்லியா?"

ஹைதம் ஒரு திரையைத் திறந்துகொடுத்தான். வருகிற செய்திகள் வரிசையாகத் தெரியும். கீழே நாமே எழுதி அனுப்ப ஒரு பெட்டியும் இருந்தது. அதைத் தொடக்கூடாது என்றான். சுருக்க எண்ணிலிருந்து ஒப்புதல் பெறாத ஒரு வார்த்தை போனாலும் எண்ணைப் பிடுங்கிவிடுவார்களாம்.

6

அதற்குப் பிறகு வந்த வாரங்களைப் பற்றி நான் எழுதிய பக்கங்களில் உணர்ச்சி கொஞ்சம் தூக்கலாகப் போய்விட்டது. பாதியை வெட்டிவிட்டேன். மிச்சம் இவ்வளவுதான்: பள்ளி விட்டதும் நான் ஷெட்டுக்குப் போவேன். ஸுவைனா படிப்பாள், நான் ஊர்வாரியாகப் பிரித்து டிரைவர்களிடம் கொடுப்பேன்.

ஒரு செய்தியும் இல்லை என்றுதான் எல்லாச் செய்திகளும் ஆரம்பித்தன. ஒரு செய்தியும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ், இரண்டாவது வளைவில் பாறை சரிந்திருக்கிறது, லாரியைப் பார்த்து வரச் சொல்லுங்கள். ஒரு செய்தியும் இல்லை, எங்களுக்குப் போதும், பக்கத்து வீட்டில் பிரசவம், முதலில் அங்கே ஊற்றுங்கள். ஒரு செய்தியும் இல்லை, தொட்டியில் விரிசல், பாதிக்கு மேல் நிற்காது. எல்லோரும் ஒழுங்காக 1 அனுப்பியிருந்தால் இதில் எதுவும் எங்களுக்குத் தெரிந்திருக்காது.

பாறை சரிந்த இடத்தில் டிரைவர் முன்பே வண்டியை நிறுத்தினான். பிரசவ வீட்டுக்கு முதலில் தண்ணீர் போனது. லாரிகள் காலியாகவே திரும்பின. மர்ஹூன் தினமும் எழுதினார், தண்ணீர் வேண்டாத நாளிலும். எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. இதை அலங்காரமாகச் சொல்லப் பார்த்தேன், வரவில்லை. சந்தோஷமாக இருந்தது.

7

பிறகு ஹைதம் போன் செய்தான். நலம் விசாரித்தான், ஒரு செய்தியும் இல்லை என்றான். குரலிலேயே செய்தி இருந்தது.

"சோதனைக் காலம் முடியுது அக்கா. தொலைபேசி கம்பெனி கணக்குல உங்க எண்ணுக்கு ஒழுங்கான பதிலே வர்றதில்ல. 1 இல்ல, 2 இல்ல. சந்தேகப்படுறாங்க. அவங்க ஆள் ஒருத்தர் இந்த வாரம் தன் எண்ணை உங்க பட்டியல்ல சேர்ப்பாரு. உங்க மெசேஜ் அவருக்குப் போகும். அவர் பதில் போடுவாரு. அதுக்கு ஒப்புதல் வாங்கின வாசகம் உடனே திரும்பிப் போகணும். போகலைன்னா எண்ணைத் திருப்பி எடுத்துக்குவாங்க."

"ஒண்ணுன்னு போட்டாருன்னா?"

"நன்றின்னு தானாப் போகும். தேறிட்டோம்."

"வேற ஏதாவது போட்டா?"

"தவறான பதில்னு போகணும்."

எண் போனால் ஹைலுக்குச் செய்தி போகாது. விண்ணப்பம் முதலிலிருந்து. கோடையின் கொடுமையான பகுதி இன்னும் பாக்கி இருந்தது.

இந்த இடத்தில் நான் இரண்டு முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவில் எண் போய்விடுகிறது. லாரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டே ஊர் ஊராக ஏறுகின்றன, ஸுவைனா ஷெட் வாசலில் நின்று தூரத்து மலையைப் பார்த்தபடி— (வாசித்துக் காட்டினேன். "நான் ஏன் சும்மா நின்னு மலையைப் பாக்கறேன்? எனக்கு வேலை இல்லியா?" என்றாள். போனது.)

இரண்டாவதில் தொலைபேசி நிறுவன அதிகாரி மர்ஹூனின் தங்கை மகன் என்று தெரியவருகிறது. இந்த ஊரில் அது நடக்காத விஷயமும் இல்லை. ஆனாலும் எனக்கே கூச்சமாக இருந்தது.

8

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த நேரம். ஷெட்டில் நானும் அவளும். ஹைதம் போனில், ஸ்பீக்கரில் இருந்தான். பட்டியலில் புதிதாக ஓர் எண் சேர்ந்திருந்தது, பெயர் இல்லாமல். எங்கள் செய்தி அதற்கும் போனது. கொஞ்ச நேரத்தில் திரையில் பதில் வந்தது:

"வ அலைக்கும் ஸலாம் வ ரஹ்மதுல்லாஹ்."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

"அவர்தான்! அக்கா, நீங்க நிறுத்தி வச்ச வாசகம் இடது பக்கம் இருக்கு. ஒரே ஒரு தடவை அழுத்துங்க. தவறான பதில்னு போகட்டும், எண் நிலைச்சுடும்" என்றான் ஹைதம்.

"இவர் வேணும்னே இப்படிப் போட்டாரா? 1 இல்லாம எதையோ போட்டா என்ன வருதுன்னு பாக்கறதுக்கு?"

"இருக்கலாம்."

"இல்ல, சலாம் வந்ததும் பதில் சொல்லாம இருக்க முடியாம போட்டுட்டாரா?"

"அதுவும் இருக்கலாம் அக்கா. எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"முடியாதுல்ல?"

"முடியாது. சீக்கிரம் அக்கா."

ஸுவைனா என்னைப் பார்த்தாள். நான் கதை எழுதுகிறவள், எனக்கு ஏதாவது தெரியும் என்று நினைத்திருக்கலாம். எனக்குத் தெரிந்ததெல்லாம், அவள் இடது பக்கம் அழுத்தினால் ஹைலுக்குக் கோடை முழுக்கத் தண்ணீர் போகும் என்பதுதான். அழுத்து என்று சொல்ல வாயெடுத்தேன். மர்ஹூன் கையை அவள் பிடித்துக்கொண்டு சொன்னதை நான் மாடியிலிருந்து கேட்டிருக்கிறேனே.

"முன்னப்பின்ன தெரியாதவர் சலாமுக்குப் பதில் சொல்லியிருக்காரு. அடுத்து என்ன கேக்கணும்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

கீழே இருந்த பெட்டியில், தொடக்கூடாது என்ற பெட்டியில், ஒற்றை விரலால் எழுதினாள். போனில் ஹைதம் "அக்கா, அக்கா" என்றுகொண்டிருந்தான். அவள் அனுப்பினாள்.

இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. சாமர்த்தியத்துக்காகச் சொல்லவில்லை. பதில் சொல்ல வேண்டியவர் இந்த ஷெட்டில் இல்லை. தொலைபேசி நிறுவனத்தில், குளிரூட்டிய ஓர் அறையில், கையில் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கிறவர் நீங்கள்தான். எந்த மலையில் பிறந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. மேஜையில் எங்கள் விண்ணப்பம் இருக்கிறது, அதில் இந்த வாக்கியத்துக்கு ஒப்புதல் இல்லை, எண்ணை எடுத்துக்கொள்ள இதுவே போதும். உங்கள் திரையில் ஒரு தண்ணீர் லாரிக்காரி கேட்டிருக்கிறாள்:

"எப்படி இருக்கிறீர்கள்? வீட்டில் எல்லோரும் நலமா? ஏதாவது செய்தி உண்டா?"

சொல்லுங்கள்.